மூன்று பிரியதத்த மந்திரம்

அப்பாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஜட்கா வந்து நிற்கும் சத்தம் ஜேனுக்குக் கேட்டது. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாக நெகிழ்த்தி மணிகளை நுழைக்க வேண்டியிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சரிகைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் பித்தளை ஸ்டாண்டையும் கேமராப் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, சுருட்டிய சீலைத் திரை ஒன்றை வண்டியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரம் அவிழ்ந்து அதில் எழுதியிருந்த மாளிகைப் படிக்கட்டும் பாதி மயிலும் தெரிந்தன.

சாவு வீட்டுக்கு மயில் எதற்கு என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணா, யாரைக் கேட்டு இவரை வரச் சொன்னீங்க?”

பெர்னார்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கோலார் தங்கவயலில் வேலை பார்ப்பவன். அப்பாவின் காய்ச்சல் முற்றிவிட்டது என்று தந்தி போனதும் இரண்டு நாளைக்கு முன் வந்து சேர்ந்தவன். “யாரைக் கேக்கணும்? நாலு மணிக்குப் பெட்டிய மூடிருவாங்க. அப்புறம் அப்பா மொகம்னு நம்மகிட்ட என்ன இருக்கு?”

நியாயமான கேள்விதான். நியாயமாக இருந்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அப்பா கொர்னேலியஸ் முப்பத்தோரு வருஷம் மைசூர் தந்தி ஆபீசில் இருந்தார். அதில் இருபத்தைந்து வருஷம் படம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் லஷ்கர் மொஹல்லா வீட்டிலிருந்து ஒரு சுமைகூலியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். ரயிலேறி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்குவார். கோட்டைச் சுவர், இடிந்த கொத்தளம், ஆற்றங்கரை மண்டபம், பாலத்தின் கல் தூண்கள். நானூறு கண்ணாடி பிளேட்டுகள் அவருடைய அலமாரியில் வரிசையாக இருந்தன. அந்த நானூற்றில் ஒன்றில்கூட அவர் இல்லை.

கேமரா கனமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தேக்கு மர ஸ்டாண்டுதான் உகந்தது. பித்தளை ஸ்டாண்டு பார்வைக்குத்தான், தெருவில் மாட்டு வண்டி போனால்கூட நடுங்கும் என்பார். பிளேட் மெதுவானதாக இருக்க வேண்டும், வேகமான பிளேட்டில் முகமெல்லாம் ரவை ரவையாகத் தெரியும். லென்ஸின் வாயை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்க வேண்டும், அப்போதுதான் முன்னால் இருக்கும் புல்லும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே துல்லியத்தில் விழும். மெதுவான பிளேட்டையும் சுருக்கிய லென்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டால் மூடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டும். அவர் நின்றார். நிற்கிற நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க மாட்டார். கடிகாரத்தைப் பார்த்தால் எதிரே இருக்கிறதை யார் பார்ப்பது என்று கேட்பார். பிரியதத்த மந்திரம்தான் அவருடைய கடிகாரம். வெயிலில் இருக்கும் சுவருக்குப் பாதி மந்திரம், நிழலுக்கு ஒன்று, மண்டபத்துக்குள் என்றால் மூன்று. தந்தி அடிக்கிற வேகத்தில் முணுமுணுத்துச் சொல்லிவிட்டு மூடியைப் போடுவார். மாதாவின் செபத்தை இப்படி அளவுகோலாக்கலாமா என்று கோயில் பங்குச் சாமியார் ஒருமுறை கண்டித்தபோது, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள், நான் கண்ணைத் திறந்துகொண்டு சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் சாமி என்று பதில் சொன்னார்.

மருந்து கரைக்க மழைத் தண்ணீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் என்னவோ இருக்கிறது, பிளேட்டில் திட்டுத் திட்டாக விழுகிறது என்பார். கொல்லையில் நான்கு மண்பானைகளில் மழைத் தண்ணீர் மூடி வைத்திருக்கும். கோடையில் குழாய் வறண்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அம்மா அதைத் தொடக்கூடாது.

பெர்னார்ட் மூன்று வருஷத்துக்கு முன் பெங்களூரில் ஒரு பெட்டிக் கேமரா வாங்கி வந்தான். சுருள் ஃபிலிம் போட்டு, பொத்தானை அழுத்தினால் படம். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். “சோப்பு டப்பாவுக்கு ஓட்டை போட்டு வித்திருக்கான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை வைத்து ஒரு படம் எடுக்கிறேன் என்று பெர்னார்ட் தூக்கியபோது உள்ளங்கையால் லென்ஸை மூடினார். கையில் பிடித்து எடுப்பது படமில்லை, கெட்ட பழக்கம் என்றார். அன்றைக்குப் போன பெர்னார்ட் எட்டு மாதம் கடுதாசி போடவில்லை.

மனிதர்களை அவர் எடுத்ததே இல்லை. “மனுஷங்க ஆடுவாங்க. கல்லு ஆடாது” என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற சொல். ஜேன் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு போவார். தூணுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, அளவுக்கு நிற்க வேண்டும். தூண் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? அப்படி இருபது முப்பது பிளேட்டில் அவள் இருக்கிறாள். பாவாடை கட்டிய ஒரு முதுகு, இரண்டு ஜடை. வளர்ந்த பிறகு பிளேட் கழுவ, மருந்து அளக்க, ஸ்டாண்டு விரிக்க எல்லாம் கற்றுக்கொண்டாள். கான்வென்ட் பள்ளியில் டீச்சராகி ஐந்து வருஷம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எல்லாம் இதற்கே கொடுத்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் அவர் அவளிடம் விடவில்லை. லென்ஸ் மூடியை அவர்தான் கழற்றுவார், அவர்தான் போடுவார்.

வந்தவர் பெயர் பசவராஜ். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் கன்னடக்காரர். கெட்டவர் இல்லை. உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சவப்பெட்டிக்கு முன் நின்று கும்பிட்டார். பெரியவர் தன் கடைக்கு வந்து தன் லென்ஸைக் குறை சொல்லிவிட்டுப் போனதைக்கூட மரியாதையாகத்தான் நினைவுபடுத்தினார். பிறகு வேலையில் இறங்கினார். பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், முதுகுக்கு ஒரு பலகை கட்டினால் நிற்கும், பின்னால் திரை, மடியில் ஒரு புத்தகம்.

“கண்ணு மூடியிருக்கே” என்றான் பெர்னார்ட்.

“அதுக்கு நீங்க ஏனும் யோசனை பண்ண வேணாம் ஸ்வாமி. கண்ணு நான் தொறந்து குடுக்கறேன்.”

அவர் பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து விரித்தார். இறந்த பின் எடுத்து, இமையின்மேல் கண் எழுதிய படங்கள். ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு சாராயக் கான்டிராக்டர், ஒரு வக்கீல், ஒரு பாட்டி, பத்து வயதுப் பெண் ஒருத்தி, அரண்மனைச் சேவகர் ஒருவர். ஜேன் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். ஐந்து பேருக்கும் ஒரே கண். அகலமாக, கறுப்பு விழியில் வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, இப்போதுதான் யாரோ கூப்பிட்டதுபோல் முழித்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பெண்ணும் கான்டிராக்டரும் ஒரே மாதிரி முழித்தார்கள்.

“இது என்ன கண்ணு?” என்றாள்.

“நல்ல கண்ணும்மா. மெட்ராஸ்ல கத்துக்கிட்டது.”

ஆல்பத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த வேகத்தில் அது கீழே விழப் பார்த்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பங்குக்காரப் பெண்கள் செபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பெர்னார்ட் அவளை அடுக்களைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். சாவு வீட்டில் சத்தம் போடாதே என்றான். தன் பிள்ளைகள் இரண்டும் தாத்தாவைச் சரியாகப் பார்த்ததே இல்லை, அவர் கோலாருக்கு வந்ததும் இல்லை, பெட்டிக்குள் கிடக்கிற பிணத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினால் அதுகள் பயந்து சாகும், கண் திறந்த ஒரு முகம் வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறேன் என்றான். சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஜேனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட முடியவில்லை.

“அப்பாவுக்கு ஒரு இமை தொங்கும். எந்தக் கண்ணுன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

பெர்னார்ட் கூடத்தைப் பார்த்தான். மூடிக் கிடந்த கண்களில் இனி அது தெரியாது.

“வலது” என்றான் கடைசியில்.

“இடது. உங்களுக்கே தெரியல. அந்த ஆளு எழுதப் போறாரா? கான்டிராக்டர் கண்ணோட நம்ம அப்பாவை உங்க புள்ளைங்களுக்குக் காட்டப் போறீங்களா? திருத்தறேன்னு நெகட்டிவ்ல பென்சில் பட்டாலே அப்பா பிளேட்டைக் கீழ போட்டு உடைப்பாரு. வாழ்நாளெல்லாம் பொய் சொல்லாம இருந்தவருக்கு செத்த அன்னிக்கே பொய்க் கண்ணா?”

அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. சவரியம்மா பதினொரு நாளாகத் தூங்கவில்லை. கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவித் தடவி, செபம் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப் போயிருந்தது. மகளையும் மகனையும் தாண்டிப் போய் பசவராஜிடம் நின்றாள்.

“கண்ணைத் தொறந்து எழுதினா எங்க பாப்பாரு?”

“நேரா பார்ப்பார் அம்மா. நீங்க எங்க நின்னாலும் உங்களையே பார்ப்பார்.”

“அப்ப அது அவரில்ல” என்றாள் அம்மா. சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் எடுக்கறேன்” என்றாள் ஜேன்.

பெர்னார்ட் அவளை உற்றுப் பார்த்தான். பெண்பிள்ளை, அதுவும் பெற்ற மகள், அழ வேண்டிய நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பதா என்று கூடத்தில் ஒருத்தி மற்றொருத்தியிடம் கேட்டது நன்றாகவே கேட்டது. குடும்பப் படத்தில் நீ இருக்க வேண்டாமா என்றும் பெர்னார்ட் கேட்டான். இருபது முப்பது பிளேட்டில் முதுகு காட்டி நின்றாயிற்று, இன்றைக்கு இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்து போகாது என்றாள். பசவராஜ் திரையைச் சுருட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “பிளேட்டைக் கொண்டு வாங்கம்மா. ஏனாவது கெட்டிருந்தா சரி பண்ணித் தரேன். சின்னது பெரிசு எல்லாம் சரி பண்ணுவேன்” என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினார்.

அலமாரியைத் திறந்தபோதுதான் பிளேட் ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்தது. பம்பாய்க்கு எழுதிப் போட்ட டஜன் இன்னும் வந்து சேரவில்லை. காய்ச்சல் வருவதற்கு முந்தின சனிக்கிழமை அப்பாவே இருட்டில் சட்டத்துக்குள் போட்டு வைத்த ஒன்று. அது கெட்டால் வேறில்லை, நாலு மணிக்கு மேல் முகமும் இல்லை. மணி அப்போதே இரண்டரை.

பெட்டியை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். எதிர்ப்புறம் கொடி கட்டி வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டாள், வெளிச்சம் திரும்பி நிழல் பக்கத்திலும் விழட்டும் என்று. தேக்கு ஸ்டாண்டின் கால்கள் சிமெண்டுத் தரையில் வழுக்காமல் இருக்க அப்பா செய்கிறபடி ஈரச் சாக்கு விரித்தாள். அம்மாவைத் தலைமாட்டில் உட்கார வைத்தாள். பெர்னார்டைக் கால்மாட்டில் நிறுத்தினாள். சித்தப்பா குடும்பம், பங்குக்காரர்கள் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள். மூடியைக் கழற்றினதிலிருந்து மறுபடி போடும்வரை யாரும் ஆடக்கூடாது, இமைகூடக் கொட்டாமல் இருந்தால் நல்லது, அம்மா நீங்க கையை மடியில் வெச்சுக்குங்க என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிற குரலில் சொன்னாள். எல்லாரும் வகுப்புப் பிள்ளைகள்போல் தலையாட்டினார்கள்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக இருந்தது. மேலே கூரைக்குப் பதில் பெட்டி, அதில் அப்பா. பொடி போடும் மூக்கு, நரைத்த மீசை, காலர். துணிக்குள் அவருடைய வாசனை அடித்தது. மூக்குப்பொடியும் மருந்தும் கலந்த வாசனை. வெளியே பேச்சுக் குரல்கள் தூரத்தில் கேட்டன. காலையிலிருந்து வீட்டில் அவள் தனியாக இருந்த இடம் இதுதான்.

இங்கேதான் அவர்மேல் கோபம் வந்தது. பசவராஜ்மேலும் அண்ணன்மேலும் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மூடியை என் கையில் கொடுத்துவிட்டு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நீங்கள் போய் நின்றிருக்கக் கூடாதா? அளவுக்காவது நின்றிருக்கலாமே. கல் ஆடாது, கல் ஆடாது என்று நானூறு கல்லை எடுத்தீர்கள். அந்தக் கல்லெல்லாம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கப் போகிறது. ஒரு காகிதத் துண்டில்கூட இல்லாமல் போனது யார்? ஆடாமல் கிடந்தால்தான் உங்களை எடுக்க விடுவீர்களா? இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குமிழைத் திருகினாள்.

படம் துல்லியமாக வரவில்லை. முன்னுக்குத் தள்ளினாள், பின்னுக்கு இழுத்தாள். மீசை மசங்கிக்கொண்டே இருந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி துணிக்குள் போனாள். கண்ணாடியைத் துடைத்தாள். அப்போதும் மசங்கியது.

“இன்னும் சரியாகலையா?” என்றான் பெர்னார்ட்.

“ஆகல. கொஞ்சம் இருங்க.”

முந்தானையைக் கண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு பார்த்தபோது மீசையில் ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது. குமிழை இறுக்கினாள்.

வெளியே வந்து லென்ஸின் மூடியை மாட்டினாள். பிளேட் சட்டத்தைச் செருகினாள், பிளேட்டை மறைத்திருந்த தகட்டை உருவினாள். மூடியைக் கையில் பிடித்தபோது அது எவ்வளவு லேசானது என்று ஆச்சரியமாக இருந்தது. மண்டபத்துக்குள் என்றால் மூன்று. கழற்றினாள்.

“பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று ஆரம்பித்தாள்.

அப்பா முணுமுணுப்பார். ஜேனுக்கு முணுமுணுக்கத் தெரியாது. வகுப்பறைக் குரல் அவளுடையது. கூடம் முழுக்கக் கேட்டது. கத்தோலிக்கர் வீட்டில், அதுவும் பிணத்துக்கு முன்னால், ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்லாமல் இருப்பார்களா? ஆடாதே என்று சொன்னதெல்லாம் அவர்களுக்கு மறந்தே போயிற்று. முதல் பாதி முடிந்த கணம், “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று பத்துப் பதினைந்து பேர் ஒரே குரலில் எடுத்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, மூச்சு வாங்கி, ஒப்பாரி கலந்து சொன்னார்கள். வாய்கள் அசைந்தன. தலைகள் குனிந்தன. பெர்னார்ட் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூடியைப் போட்டுவிடலாம். போட்டால் அரைகுறை. நடுச்செபத்தில் கையை எப்படி நீட்டுவது என்றும் இருந்தது. ஜேன் மூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கினாள். அவர்கள் பதில் சொன்னார்கள். அப்போதுதான் அம்மாவின் கை மடியிலிருந்து எழுந்ததைப் பார்த்தாள். பதினொரு நாளாக எந்தச் செபத்துக்கும் அந்தக் கை அங்கேதான் போயிருக்கிறது. நெற்றியில் வைத்து, புருவத்தின் மேலாகத் தலைமயிர் வரை மெல்லத் தடவி, மறுபடி நெற்றிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், கை எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அம்மா, கை, என்று கத்த ஜேனின் தொண்டை வரை வந்தது. மூன்றாவது மந்திரத்தின் முதல் பாதிதான் வாயிலிருந்து வந்தது.

கடைசி ஆமென் வந்தபோது மூடியைப் போட்டாள். அப்பா எடுத்துக்கொள்கிற நேரத்தைப்போல் இரண்டு பங்குக்கு மேல் ஆகியிருந்தது.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். கல்லறைக்குப் போய், மண் போட்டு, திரும்பி வந்து, தலை முழுகி எல்லாம் முடிய ஆறு மணி ஆயிற்று. ஜேன் குளியலறை ஜன்னலில் கம்பளியைக் கட்டி, சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் அதிகம் விழுந்த பிளேட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியும். மருந்தைப் பாதியாகக் கரைத்தாள். மழைத் தண்ணீரில்தான்.

மெதுவாக வந்தது. முதலில் காலர், கோட்டின் நாலு பொத்தான், கையில் சுற்றிய செபமாலையின் மணிகள். ஒவ்வொரு மணியையும் எண்ணலாம், அவர் எடுத்திருந்தால்கூட இதைவிடத் துல்லியமாக வந்திருக்காது. பின்னால் நின்றவர்களுக்கு வாய் இல்லை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேய்ப்பு. பெர்னார்டுக்கு நெஞ்சுக்கு முன்னால் கை கரைந்து போயிருந்தது. அதெல்லாம் போகட்டும் என்று பிளேட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். மூக்கு இருந்தது, மீசை இருந்தது. நெற்றியும் கண்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூட்டம் கவிந்திருந்தது.

ஒரே ஒரு பிளேட். கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை முறை சொன்னேன்! அப்பாவாக இருந்தால் இதை இந்தத் தரையிலேயே போட்டு உடைத்திருப்பார். அவள் பிளேட்டை ஓங்கவும் செய்தாள். பிறகு கழுவி, சுவரில் சாய்த்துக் காயவைத்துவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எப்படி வந்தது என்று அம்மா கேட்டதற்குக் காலையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். முகம் கொடுத்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

காலையில் கொல்லை வெயிலில் பிரிண்ட் சட்டத்தை வைத்து ஒரு காகிதம் போட்டு எடுத்துக் கழுவினாள். பெர்னார்ட் பத்தரை மணி ரயிலுக்குக் கிளம்பிக் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றான். வாங்கிப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

“கெட்டுப் போச்சு.”

பசவராஜ்தான் சரி செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாரே, போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றான். இந்தப் புகையைத் துடைத்துவிட்டு அதிலேயே கண்ணையும் எழுதிவிடுவார், இடது இமை தொங்கட்டும், நான் சொல்லி எழுத வைக்கிறேன், பிளேட்டைக் கொடு என்று கையை நீட்டினான். சண்டை போட ஜேனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. உள்ளே போய் பிளேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து வந்து மகன் கையிலிருந்த படத்தை வாங்கியிருந்தாள். கண்ணுக்கு எட்டப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.

“இது என்ன, மூஞ்சி மேல புகையாட்டம்?”

நேற்று மாலையிலிருந்து ஜேன் சொல்லத் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. உங்களால்தான், நான் அத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை, இருந்த ஒரே பிளேட்டையும் பாழாக்கிவிட்டீர்கள்.

“உங்க கைம்மா” என்றாள்.

அம்மா படத்தையும் தன் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலால் அந்தப் புகையைத் தொட்டாள். காகிதம் இன்னும் ஈரமாக இருந்ததால் தொட்டது ஒட்டியது, எடுத்துவிட்டாள்.

“இவ்வளவு நேரம் தடவியிருக்கேன். ஒரு தடவ முழிச்சுப் பாக்கல பாரு” என்றாள்.

பெர்னார்ட் நீட்டிய கையை எப்போது இறக்கினான் என்று ஜேன் கவனிக்கவில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்தான். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். துணி சுற்றிய பிளேட்டை அவன் கேட்கவில்லை.

“எனக்கு ஒண்ணு போட்டுக் கொடு” என்றான் கடைசியில்.

“ரயிலு?”

“சாயங்காலம் ஒண்ணு இருக்கு.”

புதுக் காகிதத்தைப் போட்டுச் சட்டத்தை வெயிலில் சாய்த்து வைத்தாள். கொய்யா மரத்து நிழல் மெல்ல நகர்ந்து சட்டத்தின் ஓரத்துக்கு வந்தது. பெர்னார்ட் எழுந்து போய் அதை ஒரு சாண் தள்ளி வெயிலில் வைத்தான். மறுபடி வந்து படியில் உட்கார்ந்தான். நிழல் வந்ததும் மறுபடி எழுந்தான்.